நடுவழியில் வண்டி நின்றால்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால், மதுராந்தகம் தாண்டி அச்சிறுபாக்கம் வரும். திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமான், பிள்ளையாரைக் கும்பிட மறந்ததால் தேரின் அச்சு இற்று நின்ற இடம் அது என்கிறது தலபுராணம். அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம். தேர் நின்ற இடத்தில் கோயில் எழுந்தது. நம் வண்டி நின்றால் பெரும்பாலும் எழுவது சண்டைதான்: "கிளம்புறதுக்கு முன்னாடியே சர்வீஸுக்கு விடச் சொன்னேனே!"

இப்படி வந்து வாய்க்கும் மூன்று நான்கு மணி நேரம் இரண்டு விதமாக வீணாகிறது. ஒன்று, குடும்பமே மெக்கானிக் கடை வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பது. மற்றொன்று, போனில் பெயர்பெற்ற இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து நாற்பது கி.மீ. ஓடி, இருட்டிய பிறகு திரும்பி வருவது. இரண்டையும் தவிர்க்க ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஆட்களைப் பத்திரப்படுத்து, பிறகு கோளாறைக் கண்டுபிடி, அதை வைத்து நேரத்தைக் கணக்கிடு, கடைசியாக இடத்தைத் தேர்ந்தெடு. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு நேரத்தை அதற்கேற்ப இழுக்கப் பார்ப்பதால்தான் எல்லாம் குழம்புகிறது.

முதல் பத்து நிமிடம்

வண்டி திணறத் தொடங்கியதுமே ஹசார்ட் விளக்கைப் போட்டு இடதுபக்கம் ஒதுங்குங்கள். மேம்பாலத்திலும் வளைவிலும் நிற்காதீர்கள். பஞ்சரான டயரில் இன்னும் இருநூறு மீட்டர் உருட்டினால் டயர் போய்விடலாம், ரிம்மும் அடிபடலாம். ஆனாலும் வளைவில் நிற்பதைவிட அது மலிவு.

எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வெயில் என்று குழந்தைகளை வண்டிக்குள்ளேயே உட்கார வைப்பது நெடுஞ்சாலையில் செய்யும் மிகப் பெரிய தவறு. பின்னால் வரும் லாரி இடித்தால் முதல் அடி அந்தப் பின்சீட்டுக்குத்தான்.

அடுத்து சிவப்பு முக்கோணம். பலர் அதை டிக்கிக்குப் பின்னால் பத்தடியில் வைக்கிறார்கள். 90 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. முக்கோணத்தை 100 மீட்டர் பின்னால் வைத்தால்கூட ஓட்டுநருக்குக் கிடைப்பது நான்கே நொடி. எனவே ஏறக்குறைய 130 எட்டு பின்னோக்கி நடந்து, தடுப்புக்கு அப்பால் நடந்தே, வைத்துவிட்டு வாருங்கள். முக்கோணம் இல்லை என்று கல்லையும் மரக்கிளையையும் சாலையில் போடுகிறவர்கள், கிளம்பும்போது அவற்றை எடுத்து ஓரம்கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இரவில் வரும் பைக்குக்கு அந்தக் கல் எமன்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. பக்கத்துக் கி.மீ. கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொன்னால் ரோந்து வண்டி சீக்கிரம் வந்து சேரும். வண்டியை ஆபத்தில்லாத இடத்துக்கு அப்புறப்படுத்த உதவுவார்கள். உங்கள் வீட்டு வாசல்வரை இழுத்துவர மாட்டார்கள். அதற்கு இன்ஷூரன்ஸில் சாலையோர உதவி இருக்கிறதா என்று பாருங்கள். விபத்து, காயம் என்றால் 108. மற்ற எந்த அவசரத்துக்கும், எந்தச் சாலையிலும் 112.

கோளாறைப் பார்த்தே நேரத்தைச் சொல்லலாம்

பஞ்சர்: ஸ்டெப்னி மாட்ட, பழகியவருக்கு இருபது நிமிடம், பழகாதவருக்கு முக்கால் மணி. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் வைத்து, கழற்றும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்தின் அடியில் கல் வையுங்கள். ஜாக்கி போடுவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுழலும். பலம் கொடுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியின் தலை, கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் வெட்டு போட்டுக் காட்டிய இடத்தில்தான் உட்கார வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் ஒரு பலகை கொடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கப் போட்டால், ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

நட்டு எல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் வராமல் அடம்பிடிக்கும். துருதான் காரணம். நட்டுகளைக் கையால் இரண்டு மூன்று சுற்று திரும்ப மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்தால் விட்டுவிடும். புதிய சக்கரத்தில் நட்டுகளை வரிசையாக அல்ல, எதிரெதிராக முறுக்குங்கள். கடைசி இறுக்கம் வண்டி தரையில் இறங்கிய பிறகு. ஸ்பேனர்மேல் ஏறிக் குதிக்கத் தேவையில்லை. அப்படி இறுக்கியதை அடுத்த முறை யாராலும் கழற்ற முடியாது. ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம். அதன்மேல் வேக வரம்பு, வழக்கமாக 80 கி.மீ., எழுதியிருக்கும்.

ஆணி குத்தி மெல்லக் காற்று இறங்கினால் ஆணியைப் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணிதான் அடைப்பான். காற்றடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது, டயர் மாற்றத்தான் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் டயர் வெடிப்பதற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த அசைவிலேயே சூடேறுகிறது. சுமையும் வெயிலும் சேர்ந்தால் முடிந்தது கதை.

சூடேறி நிற்பது: இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடப் போகும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மின்விசிறியை வேகமாக ஓட விடுங்கள். உள்ளே வேகும். ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். ஆவி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் பீச்சியடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத்தண்ணீரும் ஊற்றக் கூடாது, உலோகம் விரிசல் விடும்.

எப்போது சூடேறியது என்பதை நினைவில் வையுங்கள், மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்தபோது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கியது என்றால் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன்மேல். வேகமாகப் போகும்போதே ஏறியது என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகியிருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். ஹோஸ் மாற்ற ஒன்றிரண்டு மணி நேரம். வாட்டர் பம்ப் என்றால் அரை நாள், பாகம் கிடைத்தால்.

பேட்டரி இறங்கியிருந்தால், இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிளில் கால் மணி நேரத்து வேலை. கிளட்ச் போனாலோ டைமிங் பெல்ட் அறுந்தாலோ அன்றைய பயணம் முடிந்தது, இழுவை வண்டிதான். மழை வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மட்டும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சின்னச் செலவில் முடிவது இன்ஜினையே பிரிக்கும் செலவாகும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

"ஒரு மணி நேரம் சார்" என்பது நேரம் அல்ல, ஆறுதல். உண்மையான நேரம் வேண்டுமானால் இப்படிக் கேளுங்கள்: பாகம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் எங்கிருந்து, யார் போய் வாங்கி வருகிறார்? ஆள் கிளம்பிவிட்டாரா? செங்கல்பட்டிலிருந்து வர வேண்டும் என்றால் ஒரு கணக்கு, சென்னையிலிருந்து என்றால் வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் பல பூட்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு இதுதான் என்று தெரியும்வரை ஓட்டுநர் அங்கேயே இருக்க வேண்டும். கூலி, பாகம் இரண்டுக்கும் தனித்தனி விலை பேசி, கழற்றிய பழைய பாகத்தைக் கொடுக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கி.மீ. காட்டும் மீட்டரை ஒரு படம், சாமான்களை ஒரு படம் எடுத்துக்கொண்டு, பணம், நகை, லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

நேரக் கணக்கு

போக, வர ஆகும் மொத்த நேரம், கையிலிருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்று மணி நேரம் இருந்தால் ஒரு வழிக்கு அரை மணி. ஆட்டோவில் பன்னிரண்டு, பதினைந்து கி.மீ. ஒரு மணி நேரம்தான் என்றால் ஒரு வழிக்குப் பத்து நிமிடம். நடந்து போகும் தூரத்தில் டிபனும் காபியும், அவ்வளவே. ஆட்டோவை விட்டுவிடாமல் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், சின்ன ஊர்களில் திரும்பி வர வண்டி கிடைப்பது அரிது.

அடுத்தது கடிகாரம். நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக்கு நடை சாத்தி 4 மணிக்குத் திறப்பவை. நெடுஞ்சாலையில் வண்டி நிற்பதோ அநேகமாக அந்த நேரத்தில்தான்! எனவே பகல் பன்னிரண்டுக்கு மேல் என்றால் குடைவரை, கோட்டை, ஏரி. நாலு மணிக்கு மேல் என்றால் கோயில், பறவைகள். வாராந்திர விடுமுறையையும் பாருங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை திறக்காது.

எங்கே நின்றால் எங்கே போகலாம்

ஜி.எஸ்.டி. ரோடு: இந்த வழியில் வாய்ப்புகள் அதிகம். சிங்கப்பெருமாள் கோயிலில் நின்றால் பெயரிலேயே கோயில் இருக்கிறது. பாடலாத்ரி நரசிம்மர், பல்லவர் காலக் குடைவரை. சந்நிதியே பாறையைக் குடைந்ததால், பெருமாளை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். அர்ச்சகர் தீபம் காட்டி நெற்றிக்கண்ணைக் காண்பிப்பார்.

செங்கல்பட்டில் நின்றால் கொளவாய் ஏரி சாலையிலிருந்தே தெரியும். அங்கே நின்று செல்பி எடுத்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். திருக்கழுக்குன்றம் சாலையில் சில கி.மீ. போனால் வல்லம். மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் ஒரே குன்றில் மூன்று. கூட்டம் இருக்காது. ஏற்றமும் சிறியதுதான், பெரியவர்களும் மெல்ல ஏறலாம். கதவு பூட்டியிருந்தாலும் தூண்களையும் வாயிற்காவலர் சிற்பங்களையும் வெளியிலிருந்து பார்க்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் 14 கி.மீ. தள்ளி திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர், ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். முழங்கால் வலிக்காரர்கள் கீழே பக்தவத்சலேஸ்வரர் கோயிலிலும் சங்கு தீர்த்தக் கரையிலும் இருக்கட்டும்.

படாளம் கூட்டுரோட்டில், நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், பிற்பகலில் நிற்க நேர்ந்தால் அது அதிர்ஷ்டம். பத்துப் பன்னிரண்டு கி.மீ.யில் வேடந்தாங்கல். 2022-இல், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி; பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர். காலையில் இரை தேடப் போன பறவைகள் நாலரை மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். உச்சிவெயிலில் போனால் கண்கூசத்தான் செய்யும். மழை பொய்த்து ஏரி வற்றியிருந்தால் பறவையும் இருக்காது. டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரை உடையும் தறுவாயில், மழை இரவில் இரண்டு வில்லாளிகள் கரையைக் காவல் காத்ததைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டார் என்பது ஊர்க் கதை. கோயிலை மட்டும் பார்த்துத் திரும்பாமல் ஏரிக்கரைமேல் ஏறுங்கள். மறுபக்கம் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்தால்தான் கதையின் பயம் புரியும். அச்சிறுபாக்கம் ஆட்சிபுரீஸ்வரர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வண்டி நின்றவர்கள், தோழமைக்காகவேனும் ஒரு முறை போய்வரலாம்.

திண்டிவனத்தில் நின்றால் எல்லோரும் செஞ்சி என்பார்கள். 28 கி.மீ., முக்கால் மணி நேரம். ஐந்து மணி நேரம் இருந்தால் மட்டும் போங்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை, அவசரத்துக்கு உகந்ததல்ல. ராஜகிரி உச்சிக்கு ஏறி இறங்கவே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, பிற்பகலில் மேலே விடவும் மாட்டார்கள். அடிவாரத்துக் கல்யாண மகாலும் தானியக் களஞ்சியமும் ஒரு மணி நேரத்துக்குப் போதும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகளின் ராஜ்ஜியம் அது.

இந்தச் சாலையில் கோடையில் நுங்கும் தர்ப்பூசணியும் வழியெங்கும். வெட்டி வைத்த பழம் வேண்டாம், முழுதாக வாங்கி உங்கள் கண்முன் வெட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை மோட்டலைவிட ஊருக்குள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் மேல். உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் இடத்தில் சோறு ஆறிக் கிடக்காது. கழிவறைக்கு பெட்ரோல் பங்க். கழிவறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றையும் அவர்கள் இலவசமாகத் தர வேண்டும். பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம்.

ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை): மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே நின்றால் சாளுவன்குப்பம். புலிக்குகையோடு நிற்காமல், சுனாமிக்குப் பிறகு மணலடியிலிருந்து வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலையும் பாருங்கள். மாமல்லபுரத்திலேயே ஒரு மணி நேரம்தான் என்றால் கடற்கரைக் கோயிலுக்கு ஓடாதீர்கள். தெருவோரத்தில், டிக்கெட் இல்லாமலே, அர்ச்சுனன் தபசு. எலிகள் சூழப் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் அசைய மாட்டார்கள். கல்பாக்கம் பக்கம் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை, உள்ளே மண்டையோடு செதுக்கிய கல்லறைகள். கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை மாலைக்கு மட்டும். நிழல் துளியும் இல்லை. மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்க்க ஊருக்குள்கூடப் போக வேண்டாம்.

பெங்களூரு சாலை: ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் அவதரித்த தலம், ஆதிகேசவப் பெருமாள் கோயில்; நடை சாத்தியிருந்தால் ராஜீவ் காந்தி நினைவிடம். காவேரிப்பாக்கத்தில் பல்லவர் கால ஏரி. ஆற்காட்டில் பாலாற்றங்கரை டெல்லி கேட் என்ற கோட்டை வாயிலும், மக்கன் பேடா என்ற இனிப்பும். வேலூரில் நின்றால் அகழிக் கோட்டையும், நூற்றாண்டுகள் வழிபாடின்றிக் கிடந்து 1981-இல் மீண்டும் பூஜை தொடங்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலும். கொல்கத்தா சாலையில் பொன்னேரி பக்கம் என்றால் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை. அங்கே படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் வேண்டாம்.

கோளாறில்லை, நெரிசல்தான் என்றால்

பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவில் வண்டலூரிலிருந்து பரனூர் டோல்கேட் வரை ஊர்வது ஊரறிந்தது. மூன்று கி.மீ. கடக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனால் அடுத்த சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுங்கள். சுற்றுவழிகள் உண்டு: வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போய் ஈ.சி.ஆர். பிடிக்கலாம், வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் பக்கம் வெளியேறலாம், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகவும் கடற்கரைச் சாலைக்கு வரலாம். எல்லோரும் அதே வரைபடத்தைப் பார்ப்பதால் சுற்றுவழியும் சிவந்திருந்தால், சாப்பிட்டுத் தூங்குவதுதான் வழி. முதலில் காபி குடித்துவிட்டு, பிறகு இருபது நிமிடம் கண்ணயருங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து தெளிவு தரும்.

இரவு ஒன்பதுக்கு மேல் நின்றால் ஊர்சுற்றல் கிடையாது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பங்க், டோல்கேட், பஸ் ஸ்டாண்டு, அல்லது அந்த ஊரிலேயே ஒரு அறை. டிக்கியில் எப்போதும் ஒரு பையில் தலையில் மாட்டும் டார்ச், கையுறை, பழைய போர்வை, நாலு லிட்டர் தண்ணீர், குடை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிள்ளைகளுக்குச் சீட்டுக்கட்டு, ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கட்டும். போன் சார்ஜ் இறங்கிய ஊரில் யுபிஐ உதவாது.

வண்டி தயாரானதும் குடும்பத்தை ஏற்றாமல், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கி.மீ. ஓட்டிப் பாருங்கள். சூடேறிய வண்டியாக இருந்தால் திரும்பி வந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே பணம். தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்ததும் கூலன்ட்டை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். சக்கரம் மாற்றியிருந்தால் ஐம்பது கி.மீ. கழித்து நிறுத்தி நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். பஞ்சரான டயரை அன்றே ஒட்டி வாங்கிவிடுங்கள், டிக்கியில் இப்போது இருக்கும் ஸ்டெப்னியில் காற்றில்லை.